ராஜா திறந்து காட்டிய அறைகள்

கடைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்து கொடுப்பது என் தொழில். நகைக்கடை, மருந்துக்கடை, கேக் விற்கிற கடை, கோப்பையும் கேடயமும் விற்கிற கடை, எதுவானாலும் போய் அளவெடுத்து, கண்ணாடி அறுத்து, ஓரம் தேய்த்து, நான் மாட்டிவிட்டு வந்தால் உள்ளே இருக்கிற தகரமும் தங்கமாகத் தெரியும். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அலமாரியின் பின்பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பதித்துவிட்டால் பத்துப் பொருள் இருபதாகத் தெரியும். விளக்கை, பார்க்கிறவர் கண்ணில் படாமல், பொருளின் மேல் மட்டும் விழுகிற மாதிரி ஒளித்து வைக்க வேண்டும். இந்த இரண்டையும் நான் அலமாரியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இன்று எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்திருப்போம்.

போன வருடம் என் இதயத்துக்குப் போகிற மூன்று குழாய்கள் அடைத்துக்கொண்டன. நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். திறப்பதற்கு முந்தின நாள், வீட்டு விஷயம் ஏதாவது பாக்கி இருந்தால் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சத்தம் வராமல் அழுது ஜெபம் பண்ணினேன். சுவர்ப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் பக்திகூட இல்லை. மறுபக்கக் கட்டிலில் இருந்தவர் விட்ட குறட்டை அப்படி.

பிழைத்து வந்தேன். பார்க்க வந்த போதகரிடம் இதைச் சொன்னபோது சுவர் என்ற வார்த்தையிலேயே அவர் கண் விரிந்துவிட்டது.

"பிரதர், எசேக்கியா ராஜா இதையேதான் செஞ்சாரு" என்றார்.

வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ராஜாவுக்குச் சாகிற வியாதி. வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்க மாட்டாய் என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொல்கிறார். ராஜா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி அழுது ஜெபிக்கிறார். இன்னும் பதினைந்து வருடம் கிடைக்கிறது. இதைக் கேட்ட நிமிடத்திலிருந்து என் சாட்சியில் குறட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. சாட்சி என்றால் கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபையார் முன்னால் எழுந்து சொல்வது. எங்கள் சபையில் ஒருவருடைய மரியாதை அவருடைய சாட்சியின் நீளத்தைப் பொறுத்தது. முதல் தடவை சொன்னபோது என் அறுவை சிகிச்சை நாலு மணி நேரம் நடந்தது. ஆறாவது தடவை அது ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

விசாரிக்க வருகிறவர்களுக்கு வீட்டு முன்னறையில் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தேன். கடையில் மீந்த ஒரு சிறிய அலமாரியைக் கொண்டுவந்து வைத்து, என் இதயத்தைப் படம் பிடித்த பிலிமை அதில் மாட்டி, பின்னால் விளக்குப் போட்டேன். வருகிறவர்களிடம் ஒரு குச்சியால் தொட்டு, இந்தக் கறுப்புதான் அடைப்பு என்று விளக்குவேன். என் மனைவி தினமும் அதைத் துடைப்பாள். துடைக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, இதுக்கு விலை ஏதும் ஒட்டணுமா?" நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று வருத்தப்பட்டேன்.

இரண்டு மாதத்தில் போதகர் என்னிடமே ஒரு பொறுப்பைக் கொடுத்தார். 'எசேக்கியா ராஜாவின் வாழ்க்கையில் விசுவாசமும் குணநலனும்: ஐந்து பாடங்கள்.' வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, எங்கள் வீட்டு முன்னறையில். நடத்துவது நான். நோட்டீஸ் அடித்தார்கள். ராஜாவின் படம் கிடைக்காததால் என் படத்தைப் போட்டார்கள். பாடம் முடிந்ததும் நடத்துகிறவர் சிந்திக்க மூன்று கேள்விகள் கொடுக்க வேண்டும். அதற்கு எல்லாரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதல் பதில் நடத்துகிறவருடையது. பிறகு சாட்சி. அதற்கப்புறம்தான் டீ. இது எங்கள் சபையின் ஒழுங்கு.

முதல் பாடம், ராஜா ஆலயக் கதவுகளைத் திறந்து சுத்தம் பண்ணியது. இரண்டாவது, அசீரியப் படை வந்து ஊரை வளைத்தது. இரண்டிலும் பதினாறு பேர் வந்தார்கள், பிஸ்கட் தீர்ந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பாடம்தான் ராஜாவின் வியாதி. அதாவது என் வியாதி.

அன்று லாரிக்கார அண்ணனும் வந்திருந்தார். இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறவர். மூன்று விபத்தில் பிழைத்தவர். எங்கள் சபையில் பல வருடமாகச் சாட்சியில் அவரை அசைக்க ஆள் கிடையாது. என் நெஞ்சைத் திறந்த பிறகு அவர் பாடு கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பியதை அன்று முக்கால் மணி நேரம் சொன்னேன். தாளாளர் அம்மா கைக்குட்டையை எடுத்தார்கள். அந்த அம்மாவின் கணவருக்குச் சொந்தமானது எங்கள் பகுதியில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம். கணவர் பெயருக்குத் தாளாளர். எல்லாம் அந்த அம்மாதான். என் மகள் அங்கேதான் நாலு வயசுப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேருக்கு டீச்சராக இருந்தாள்.

கைக்குட்டை கண்ணுக்குப் போகும் முன்னால் லாரிக்கார அண்ணன் எழுந்தார். போன செவ்வாய்க்கிழமை நடந்தது என்று ஒரு நாலாவது விபத்தை எடுத்துவிட்டார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்டியரிங்கை யாரோ கைவைத்துத் திருப்பினார்கள், அந்தக் கை தன்னுடையதில்லை என்றார். பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்றதும் தாளாளர் அம்மா ஓவென்று அழுதுவிட்டார்கள். போதகர் அல்லேலூயா சொன்னார். என்னுடைய பிலிமும் விளக்கும் அறை மூலையில் பரிதாபமாக எரிந்துகொண்டிருந்தன. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

என்னிடம் காட்டுவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை. நெஞ்சு வடுவைக்கூட இரண்டாம் பாடத்திலேயே சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டியாயிற்று. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகள் வேறொரு ஊரில் வேலைக்குப் போன இடத்தில், ஒருநாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளும் எழவில்லை. அழவும் இல்லை, பேசவும் இல்லை. அவள் அம்மா போய்க் கூட்டி வந்தாள். மனநல ஆஸ்பத்திரியில், வெளியிலிருந்து பூட்டுகிற கதவு வைத்த வார்டில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் ஐந்து மாதம், தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூட அவள் அம்மா கைதான். பிறகு ஒருநாள் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். மறுநாள் பால் வாங்கி வந்தாள். அப்படி ஒவ்வொரு அடியாக எழுந்தவள், இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தினம் ஒரு மாத்திரை உண்டு. சேர்ந்த அன்றைக்கு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, இதை யார்கிட்டயாவது சொல்லணும்னா நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்ல வேணாம்."

"என் வாயிலேர்ந்து வராதும்மா" என்று நான் சொல்லியிருந்தேன். வந்துவிட்டது.

"இந்த வீட்டுல சாவுப் படுக்கையிலேர்ந்து எழுந்தது நான் மட்டும் இல்ல" என்று ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்தினேன். அறை நிமிர்ந்தது. இதுவும் தொழில்தான், விளக்கை எங்கே ஒளித்து வைப்பது என்கிற தொழில். எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய கதவைச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். அவள் தலைக்கு அவள் அம்மா தண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். வார்டில் இருந்தது இருபத்திரண்டு நாள் என்றால் சப்பென்று இருக்கும் என்று பட்டது. நாற்பது நாள் என்றேன். நாற்பது என்றால் வேதத்தில் நிறைய இடத்தில் வருகிற எண்.

லாரிக்கார அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் மகள் டீத் தட்டோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. வந்து ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து கொடுத்தாள். கோப்பையை எடுத்த ஒவ்வொரு கையும் அவள் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு எடுத்தது. தாளாளர் அம்மா அவள் கன்னத்தைத் தடவினார்கள்.

"கண்ணு, எங்ககிட்ட எல்லாம் ஏன்டா மறைச்சே?"

"சர்க்கரை போதுமா பாருங்கம்மா" என்றாள் என் மகள்.

எல்லாரும் போன பிறகு பதினாறு கோப்பையையும் அவளே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். நான் மேஜையைத் துடைக்கிற பாவனையில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஏதாவது கத்தினால் பதில் வைத்திருந்தேன். கடவுளுடைய மகிமைக்காகத்தானே என்று ஆரம்பிக்கிற பதில். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாற்பது நாள் இல்லப்பா. இருபத்திரண்டு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்த எதிலும் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கஷ்டம். கெட்டவர்கள் யாராவது இருந்திருந்தால் நான் அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திங்கட்கிழமை காலை டீச்சர்கள் அறையில் தாளாளர் அம்மா எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து என் மகளுக்காகக் கைகோத்து ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். அவளை நடுவில் நிறுத்தி. செவ்வாய்க்கிழமை இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து, டீச்சர் நல்லா இருக்காங்களா, பிள்ளைங்களோட தனியாவா இருக்காங்க என்று ரொம்ப அன்பாக விசாரித்திருக்கிறார்கள். புதன்கிழமை அவளை வகுப்பிலிருந்து எடுத்து நூலக அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். நூலகம் என்றால் இரண்டு பீரோ. பிள்ளைகளுக்கு எட்டாத உயரம். தண்டனை இல்லை, கொஞ்ச நாள் ஓய்வு என்றார்கள். வகுப்பில் பிள்ளைகள் வரைந்த படங்களை எடுத்துக்கொள்ளக்கூட அவளைப் போகவிடவில்லை. அலைச்சல் வேண்டாமே என்று ஆயாவே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

இதைப் போதகர் எனக்குப் போனில் சொன்னார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லதுதான் ஐயா" என்றேன் நான். "வேலை ஒண்ணும் போகலையே. வெள்ளிக்கிழமை பாடத்துக்கு எல்லாரும் வருவாங்கல்ல?"

வந்தார்கள். இருபத்தோரு பேர். நாலாவது பாடம், ராஜாவுக்காகச் சூரியக் கடிகாரத்தில் நிழல் பத்துப் படி பின்னால் போன அற்புதம். நான் பேசுகிறபோது ஆட்களின் கண் என் முகத்தில் இல்லை. உள்ளே சாத்தியிருந்த ஒரு கதவின் மேல் இருந்தது. அன்று டீ என் மனைவிதான் கொடுத்தாள்.

ஐந்தாவது பாடம் கடைசிப் பாடம். எப்போதும் முந்தின நாள் மனைவிக்கு வாசித்துக் காட்டி ஒத்திகை பார்ப்பேன். அவளும் கேட்டுக்கொண்டே ஏதாவது வேலை செய்வாள். அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவள் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன். ராஜாவுக்கு உடம்பு சரியில்லை, குணமானார் என்று கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ராஜா மனம் குளிர்ந்துபோய் அவர்களுக்கு அரண்மனையைத் திறந்து காட்டுகிறார். வெள்ளி, பொன், வாசனைத் தைலம், ஆயுதச் சாலை, எதையும் விடவில்லை. அவர்கள் போனதும் ஏசாயா வந்து கேட்கிறார், உன் வீட்டில் என்ன பார்த்தார்கள் என்று. எல்லாம் பார்த்தார்கள், நான் காட்டாதது ஒன்றுமில்லை என்கிறார் ராஜா. அப்படியானால் இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகளையும் கொண்டுபோவார்கள் என்கிறார் ஏசாயா. அதற்கு ராஜா, சொன்னது நல்லதுதான் என்கிறார். என் காலத்தில் அமைதி இருக்குமல்லவா என்று நினைத்துக்கொள்கிறார்.

"இதிலேர்ந்து நமக்குப் பாடம்" என்று என் குறிப்பை வாசித்தேன், "தேவ சித்தத்துக்குப் பணிவு."

தையல் மெஷின் நின்றது.

"பணிவா அது?" என்றாள்.

"பின்னே?"

"இல்ல, அன்னைக்கு நீங்க போன்ல பேசினது மாதிரியே இருக்கு. அதான் கேட்டேன்."

மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்தது. கையில் இருந்த தாளைப் பார்த்தேன். சிந்திக்க மூன்று கேள்விகள் என்று என் கையெழுத்தில் அழகாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். மூன்றாவது கேள்வி: 'உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் உங்கள் வீட்டில் என்ன பார்த்தார்கள்?' கேள்வியை எழுதியபோது லாரிக்கார அண்ணன் புதிதாக வாங்கிய பெரிய டிவியை மனதில் வைத்துத்தான் எழுதினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆனால் வெட்கம் வந்தவுடன் நல்ல புத்தியும் கூடவே வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வந்தது வேகம்தான். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த அலுவலக அறையில் பரிசுக் கோப்பைகள் வைத்திருக்கிற அலமாரி நான் செய்தது. பின்னால் கண்ணாடி பதித்தது. ஆறு கோப்பைதான், பன்னிரண்டாகத் தெரியும்.

நான் சொன்னது தப்பு, மகளுக்கு வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று தாளாளர் அம்மாவிடம் கேட்டேன். உண்மையிலேயே கூனிக் குறுகித்தான் கேட்டேன். அவர்கள் உருகிப்போனார்கள்.

"பிரதர், இந்தத் தாழ்மையே எவ்வளவு பெரிய சாட்சி தெரியுமா?" என்றார்கள். பிறகு வழியும் சொன்னார்கள். அடுத்த மாதம் பள்ளி ஆண்டுவிழா. இருநூறு பெற்றோர் வருவார்கள். அப்பாவும் மகளுமாக மேடையில் நின்று இதையே சொன்னால் எல்லாருடைய பயமும் போய்விடும். "மறுநாளே கிளாஸைக் குடுத்துடறேன். நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறேன்."

நான் சரி என்றேன். சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை. மேடையில் விளக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்றும் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நற்செய்தி சொல்லுகிறவன் மாதிரி சொன்னேன். அப்பா போய்ப் பேசிட்டேன், கிளாஸ் கிடைச்சுடும், ஒரே ஒரு நாள் மேடையில் என் பக்கத்தில் நின்றால் போதும், நீ வாயைக்கூடத் திறக்க வேண்டாம் என்றேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகள் வரைந்த படங்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் ஒரு பெரிய தலையும் அதிலிருந்து நேராக இரண்டு காலும் முளைத்திருந்தன. மேலே டீச்சர் என்று எழுதியிருந்தது. எழுத்து தலைகீழாக இருந்தது.

"இருநூறு பேரா?" என்றாள்.

"கிட்டத்தட்ட."

"எத்தனை நாள்னு சொல்லப் போறீங்க?"

நான் தலைகீழாக இருந்த அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, உங்க ஆபரேஷனைச் சொல்லுங்க. எத்தனை மணி நேரம் வேணும்னாலும் சொல்லுங்க. அது உங்க நெஞ்சு." படங்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள். "இது உங்களுது இல்ல. நீங்க வெளியிலதான உக்காந்திருந்தீங்க."

உண்மை. அந்த இருபத்திரண்டு நாளும் நான் வார்டுக்குள் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மாதான் உள்ளே போவாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பேன். அன்றைக்கு மறைக்கத் தெரிந்த எனக்கு, அவள் எழுந்து நடந்த பிறகு மறைக்கத் தெரியவில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்மா? நாளைக்கு எல்லார் முன்னாடியும் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமா?" என்றேன். கேட்கும்போதே என் மனதில் அந்தக் காட்சி ஓடியது. நான் முழங்கால் போடுகிறேன். தாளாளர் அம்மா கைக்குட்டையை எடுக்கிறார்கள். அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பெற்ற மகள் அல்லவா.

"ஒண்ணும் செய்யாதீங்கப்பா. சும்மா இருங்க. உங்களால முடியுமான்னு பாருங்க."

அன்றே தாளாளர் அம்மாவுக்குப் போன் பண்ணி, மேடைக்கு நாங்கள் இருவரும் வரவில்லை என்றேன். ஏன் என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். மூன்றுக்கும் வரவில்லை என்பதையே பதிலாகச் சொன்னேன். பெருமை நல்லதில்லை பிரதர் என்று வருத்தத்தோடு வைத்துவிட்டார்கள். வகுப்பு திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை முன்னறையில் உட்கார இடமில்லை. ஐந்தாவது பாடத்தைப் பதினோரு நிமிடத்தில் முடித்தேன். பணிவு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ராஜா சொன்னது வெட்கக்கேடான பதில் என்று மட்டும் சொன்னேன். முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் ஓடியது. மூன்றாவது கேள்வியை வாசித்துவிட்டு, ஒழுங்குப்படி நான் முதலில் எழுந்து நின்றேன்.

"என் வீட்டுக்கு வந்தவங்க, என்னுது இல்லாத ஒண்ணைப் பார்த்துட்டாங்க" என்றேன். "நான்தான் காட்டினேன். நீங்க அதை மறுபடி பேசாம இருந்தா எனக்கு உதவியா இருக்கும்."

உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று நினைத்தார்கள். தாளாளர் அம்மாவின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்கள். அந்த ஜிப் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பிலிம் மாட்டியிருந்த அலமாரியின் விளக்கை அன்று நான் போடவில்லை. பழுதாகிவிட்டதா என்று ஒருவர் கேட்டார்.

போதகர் போகும்போது என் தோளைத் தட்டினார்.

"பிரதர், இன்னைக்குப் பேச்சுல ஆவியோட அபிஷேகம் கொஞ்சம் குறைவுதான். பரவாயில்ல. உடம்பைப் பார்த்துக்குங்க."

கடைசியாகப் போனது லாரிக்கார அண்ணன். செருப்பைக் காலில் மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் எடுக்காது. குனிந்தபடியே இருந்தார். வாசலில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"பிரதர், எனக்கு மூணுதான்."

"என்னண்ணே?"

"விபத்து. நாலாவது நடக்கல. செவ்வாய்க்கிழமை வண்டி ஷெட்டுலதான் நின்னுது." நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். "நீங்க நல்லாப் பேசிட்டிருந்தீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்கு எந்த வாய் இருக்கிறது? நடக்காத விபத்தை ஜெயிப்பதற்காக நடந்ததைக் கொண்டுபோய்க் கொட்டியவன் நான். அதிலும் பதினெட்டு நாள் கூட்டிச் சொன்னவன். போய்ட்டு வாங்கண்ணே என்றேன். அவர் போனார். அன்று முதல் சாட்சி நேரத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் என் மகள் வேலையை விட்டாள். வேறொரு ஊரில், வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அங்கே சேரும்போது தன் வியாதியைப் பற்றித் தலைமை ஆசிரியையிடம் தானே சொல்லிவிட்டாள் என்றும், அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, சரி, எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்களாம் என்றும் என் மனைவி சொன்னாள். எந்த ஊர் என்று என் மனைவி சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாளாம். என் மனைவியின் வாயிலிருந்து அது வராது. அவள் அப்படி.

புறப்பட்ட அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வருகிறேன் என்றேன். முன்னால் எழுதியிருக்கிற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டுவிடுமே என்று அவள் தயங்கியது தெரிந்தது. தெருமுனையிலேயே பெட்டியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

"உடம்பைப் பார்த்துக்குங்கப்பா. மாத்திரையை விட்டுடாதீங்க" என்றாள்.

"நீயும்மா" என்று சொல்ல வந்து, தெருவில் ஆள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மாவுக்குப் போன் வரும். என் மனைவி பின்னறைக்குப் போய்ப் பேசுவாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். கதவு முழுதாகச் சாத்தியிருக்காது. ஒட்டிக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும், ஒரு பெயர், ஒரு தெரு, ஏதாவது காதில் விழும். நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். முடித்துவிட்டு அவள் வந்து, நல்லா இருக்கா என்பாள். எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு வார்த்தை.

சபையில் கேட்கிறார்கள். தாளாளர் அம்மாவே கேட்டார்கள், அதே அன்போடு.

"பொண்ணு இப்ப எங்க பிரதர் வேலை பாக்குது?"

"தெரியாதும்மா."

அவர்கள் நம்பவில்லை. பெற்ற அப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா, இந்த மனுஷன் எதையோ மறைக்கிறான் என்று பேசிக்கொள்கிறார்களாம்.